மிஸ்பாஹின் இடுப்பளவு

அலெக்ஸாந்திரியாவின் கரமூஸ் பேட்டையில், டிராம் வளைகிற முனையில் இருக்கிறது உஸ்தா, அதாவது மேஸ்திரி, ஷௌகியின் தையல் கடை. பலகையில் 'விளையாட்டு உடைகள்' என்று பொதுவாகப் போட்டிருந்தாலும் உள்ளே தைக்கிற சரக்கு ஒன்றே ஒன்றுதான்: ஆணழகன் போட்டிக்காரர்கள் மேடையில் போட்டுக்கொண்டு நிற்கிற ஜட்டி. உள்ளங்கை அகலத் துணி, இதில் என்ன பிரமாதம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றே ஒன்று தைத்துப் பார்க்கட்டும். பயில்வான் முதுகைக் காட்டித் திரும்புகிற நேரத்தில் அரை விரல் நழுவினால் போதும், ஆறு மாதம் உப்பில்லாத கோழியைத் தின்றது அத்தனையும் அம்பேல்.

அளவெடுப்பது ஷௌகி, தைப்பது அவர் மனைவி இன்ஸாஃப். அரைகுறை உடுப்பில் ஆண்கள் நிற்கிற இடத்துக்கு அவள் வருவதில்லை. கடையை இரண்டாகப் பிரித்து ஒரு பச்சைத் திரை தொங்கும். இந்தப் பக்கம் ஷௌகி டேப்பைச் சுற்றி, "இடுப்பு எழுபத்தெட்டு! தொடை அறுபத்திரண்டு!" என்று ஏலம் விடுகிற மாதிரிக் கூவுவார். அந்தப் பக்கம் இன்ஸாஃப் நோட்டில் குறித்துக்கொள்வாள். பதினான்கு வருஷமாக இப்படித்தான். அலெக்ஸாந்திரியா தொடங்கி போர்ட் சயீத் வரைக்கும் அங்கே தைக்க வருகிற பயில்வான்கள் அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும், ஒருத்தன் முகமும் தெரியாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. போட்டிக்கு முந்திய வாரம் கடையில் நிற்க இடமிருக்காது. இடுப்பு நன்றாக ஒடுங்கி வந்திருப்பவனுக்கு, அளவைச் சத்தமாகச் சொன்னால் கண் பட்டுவிடுமே என்று நடுக்கம். ஜிம் பையில் நீல மணி கட்டியிருந்தாலும் பயம் பயம்தான். அவன் ஷௌகியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவான். ஷௌகி இரண்டோ மூன்றோ சென்டிமீட்டரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, சாக்கட்டியால் மேசையில் தட்டுவார். எத்தனை தட்டோ அத்தனையைக் கழித்து இன்ஸாஃப் எழுதிக்கொள்வாள். ஆக ஒரு பயில்வானின் உண்மையான இடுப்பளவு தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அவனும் ஷௌகியும். இன்ஸாஃபை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒவ்வொருத்தனுக்கும் மூன்று தடவை அளவெடுப்பார்கள்: போட்டிக்கு ஆறு வாரம் முன்னால், மூன்று வாரம் முன்னால், கடைசி வாரம். ஷௌகி கூவியதோடு மறந்துவிடுவார். இன்ஸாஃப் மறக்கமாட்டாள். இடுப்பு குறைந்து தொடை நின்றால் அவன் சரியான பாதையில் இருக்கிறான். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சதையைத் தின்றுகொண்டிருக்கிறான். போட்டி முடிந்ததும் எத்தனையாவது வந்தான் என்பதை அந்த அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பாள். சும்மா, ஒரு இதுக்காகத்தான் எழுத ஆரம்பித்தாள். ஐந்தாறு நோட்டு நிரம்பியபோது, போட்டிக்கு முன்னாலேயே முடிவு தெரிய ஆரம்பித்துவிட்டது.

தெரிந்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? மூன்று வருஷத்துக்கு முன் மகள் ரீஹாம் கல்யாணமாகி தமன்ஹூர் போனபோது தன் பழைய போனைத் தாயிடம் விட்டுப் போனாள். இன்ஸாஃப் அதில் 'தராசு' என்ற பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, ஒரு பித்தளைத் தராசின் படத்தைப் போட்டு, வரப்போகிற போட்டியில் முதல் ஐந்து பேரை வரிசையாக எழுதினாள். ஐந்தும் சரியாக வந்தது. அதையும் சேர்த்துப் பதினோரு போட்டியில் ஒன்பதில் முதல் பெயர் தப்பவில்லை. நாற்பதாயிரம் பேர் அந்தப் பக்கத்தைத் தொடர்ந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு மிஷினை மிதிக்கும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். சில நாள் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தராசுக்கு ஊரிலேயே பெரிய எதிரி உஸ்தா ஷௌகிதான்.

ஷௌகி கேப்டன் வஹ்தானின் பரம ரசிகர். வஹ்தான் ஒரு காலத்தில் பத்துக் கோப்பை வாங்கியவர், இப்போது வாரம் இரண்டு தடவை நேரலையில் உட்கார்ந்து யார் எத்தனையாவது என்று தீர்ப்புச் சொல்கிறவர். அவர் சொன்னதற்கு மாறாகத் தராசு எழுதினால் ஷௌகிக்கு ரத்தம் கொதிக்கும். கமெண்டில் போய்ச் சண்டை போடுவார். அவர் சோபாவில் உட்கார்ந்து திட்டுவார், அவள் அடுப்படியில் நின்று பதில் போடுவாள். நடுவில் ஒருதடவை, "டீ கொண்டா" என்பார். அவள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து மிச்சப் பதிலை எழுதுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை டெல்டா கோப்பை. எண்பது கிலோ பிரிவில் முதலிரண்டு பேர் கெய்ரோவில் தேசிய அணிப் பயிற்சிக்குப் போவார்கள். திங்கட்கிழமை காலை ஷௌகி ஃபூல் அவரைக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே போனைப் பார்த்தவர், தோய்த்த ரொட்டியை வாயில் வைக்க மறந்துவிட்டார்.

"கேளு இன்ஸாஃப், இந்தத் தராசுப் பய எழுதியிருக்கிறதை. மிஸ்பாஹ் முதலாவதாம்! தர்வீஷ் ரெண்டாவதாம்!"

இன்ஸாஃப் மதியத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஏன், மிஸ்பாஹுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு யாரு சொன்னா? நல்ல பையன்தான். ஆனா மன்ஸூரா தர்வீஷ் பக்கத்துல நிக்க முடியுமா? கேப்டன் தெளிவாச் சொல்லிட்டாரு, தர்வீஷ் ஒண்ணு, மிஸ்பாஹ் நாலு. பத்துக் கோப்பை வாங்கின மனுஷன் சொல்றாரு. இந்தத் தராசு ஒரு டம்பெல்லயாவது தூக்கியிருப்பானா?"

"யாரு கண்டா. தையல் மிஷினைத் தூக்கியிருப்பானோ என்னவோ."

"தூக்கிட்டாலும்!"

முந்தின நாள்தான் கேப்டன் நேரலையில் மேசையைக் குத்தியிருந்தார். யார் இந்தத் தராசு, முகத்தைக் காட்டு, தோளைக் காட்டு, எந்த மேடையில் நின்றாய் என்று சொல். அவ்வளவுதான், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள். 'ஒன்பது தடவை சரியாச் சொன்னவன் முகம் எதுக்குய்யா?' என்றது ஒரு கட்சி. 'குருட்டுப் பூனை விட்டத்துல பாய்ஞ்ச கதை' என்றது இன்னொரு கட்சி. 'அந்தத் தராசுல தக்காளிதான் நிறுக்கலாம்' என்று ஒருத்தன் எழுத, அதற்கு மூவாயிரம் சிரிப்பு. இந்த ரசிகர்களின் குழுவை நடத்துகிறவர் தன்தாவில் பல் வைத்தியர். அவர் பல்லைப் பிடுங்குகிற நிதானத்தோடு ஒரு முடிவு சொன்னார். வெள்ளிக்கிழமை யாருடைய முதல் பெயர் தப்புகிறதோ அவர் பக்கத்தை மூடிவிட வேண்டும். கேப்டன் சரியென்றார். தராசும் சரியென்றது.

இதுவரை இன்ஸாஃபுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. முகம் தெரியாதவர்கள் திட்டுவது மழை மாதிரி, கூரைமேல்தான் விழும். ஆனால் ஷௌகி ரொட்டியை வைத்துவிட்டு, எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஒரு கமெண்ட் போட்டார்:

"தராசு அவர்களே, நான் இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ப் பயில்வான்களை டேப்பால தொட்டு அளந்தவன். தொட்டவனுக்குத்தான் உடம்பு தெரியும். நீங்க அடுப்படியில வெங்காயம் உரிக்கிற பொம்பளை மாதிரி உக்காந்த இடத்துலேருந்து கதை விடறீங்க. எப்படி?" கடைசி 'எப்படி'யை இன்ஸாஃபைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லாருக்கு" என்றாள் இன்ஸாஃப். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவளுக்கு வலித்தது. இந்த மனிதரின் கடையைப் பதினான்கு வருஷம் தன் விரல் நுனியால் தாங்கியவள் அவள். அவர் கடைக்குக் கிளம்பியதும் கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்தாள். யோசித்து எழுதுகிறவள் அன்று யோசிக்கவில்லை.

'உஸ்தா, நீங்கள் தொட்டதோடு சரி. மிஸ்பாஹின் இடுப்பு எழுபத்து நான்கு. தொடை ஆறு வாரமாக ஒரு நூல்கூடக் குறையவில்லை. இது போதுமா?'

அனுப்பிவிட்டாள். பத்து நிமிஷத்தில் அந்த வரி ஊரெல்லாம் சுற்றியது.

சனிக்கிழமை கடையில் ஷௌகி கூவியது எழுபத்தேழு. சாக்கட்டி மூன்று தடவை தட்டியது.

செவ்வாய்க்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் மிஸ்பாஹ் வந்தான். அன்ஃபூஷி மீன் சந்தையில் ஐஸ் பாளம் தூக்குகிறவன். வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். அன்றைக்குக் குரல் மட்டும் ஒடுங்கியிருந்தது. இன்ஸாஃப் திரைக்குப் பின்னால் அவனுடைய ஜட்டிக்குத்தான் எலாஸ்டிக் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"உஸ்தா, நான் உங்களை என் மாமா மாதிரி நெனச்சேன்."

"என்னடா ஆச்சு?"

"எழுபத்து நாலுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். எங்கம்மாகிட்டகூட நான் சொல்லல. இப்ப நாப்பதாயிரம் கண்ணு என் இடுப்பு மேல. நேத்து ஐஸ் தூக்கும்போது கால் வழுக்குது. உப்புத் தரை, தெனம் நடக்கிற தரை! இதுக்கு என்ன சொல்றீங்க?"

"என் பொண்ணு மேல சத்தியமா, இந்த வாயிலேருந்து வெளிய போகல."

"அப்ப டேப்பு போய்ச் சொல்லுச்சா?" மிஸ்பாஹ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "தைக்கிறதை நிறுத்திடுங்க உஸ்தா. போன வருஷத்து ஜட்டியையே போட்டுக்கறேன்."

அவன் போனபின் ஷௌகி வெகுநேரம் டேப்பைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு கதவைச் சாத்தினார். செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் அவர் கடை சாத்தியதே கிடையாது.

"சனிக்கிழமை யாரெல்லாம் இருந்தாங்க? அந்த ஸ்மூஹா ஜிம்காரன் தட்டை எண்ணியிருப்பானோ? இந்தப் போன் ஒட்டுக் கேக்குதுங்கறாங்களே, அது நெசமா?" அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. "இன்ஸாஃப், உண்மையைச் சொல்லு. நான் தூக்கத்துல ஏதாவது உளர்றேனா?"

சுவரைச் சந்தேகப்பட்டார், போனைச் சந்தேகப்பட்டார், தன் தூக்கத்தையே சந்தேகப்பட்டார். எதிரே உட்கார்ந்திருப்பவள்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அது நம்பிக்கையா, இல்லை அவளுக்கு அவ்வளவு புத்தி இருக்காது என்கிற நினைப்பா என்று இன்ஸாஃபுக்குப் புரியவில்லை. இரண்டும் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமையோடு எல்லாம் அடங்கிவிடும், ஆனால் இந்த மனிதர் சாகிற வரைக்கும் தன் வாயை நம்பமாட்டார்.

"நான்தான் எழுதினேன்" என்றாள்.

"எதை?"

"அந்த வரியை. தராசு நான்தான்."

ஷௌகி சிரித்தார். "நல்ல நேரம் பாத்தே, விளையாடறதுக்கு."

அவள் போனைத் திறந்து கையில் கொடுத்தாள். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூன்று வருஷச் சண்டை மேலே ஓடியது.

"போன நோன்புக்கு முன்னாடி, 'உஸ்தா, கண்ணாடி போட்டுட்டு வந்து பேசுங்க'ன்னு எழுதினது?"

"நான்தான்."

"எனக்குக் கண்ணு மங்குறது அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு ஒரு வாரம் மண்டையை ஒடச்சுக்கிட்டேன். டாக்டர்கிட்டகூடப் போனேன்."

"போனீங்கல்ல. நல்லதுதானே."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "மூணு வருஷமா என்னை முட்டாளாக்கினது போகட்டும். அந்த எழுபத்து நாலு, அது என்னோடதா?"

"இல்ல."

"உன்னோடதா?"

"இல்ல."

"அப்பறம்?"

"நீங்க வெங்காயம்னு எழுதினீங்க" என்றாள் இன்ஸாஃப். சொன்னது உண்மைதான். ஆனால் அது பதில் இல்லை என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. நம்பிக் கொடுத்த பொருளை ரோஷத்துக்காகச் சந்தியில் போட்டுவிட்டாள். வெட்கமாக இருந்தது.

ஷௌகி டேப்பை மடித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "நான் போய்ச் சொல்லிடறேன். வயசாச்சு, எங்கியோ வாய் தவறிடுச்சுன்னு. உன் பேரு வரவேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாம். தவறினது என் வாய். நானே வர்றேன்."

மறுநாள் காலை இருவரும் டிராம் பிடித்து, மிச்ச தூரம் நடந்து அன்ஃபூஷி ஐஸ் கிடங்குக்குப் போனார்கள். இன்ஸாஃப் கைப்பையில் தைத்து முடித்த ஜட்டியும் இரண்டு பழைய நோட்டுகளும் இருந்தன. மிஸ்பாஹ் மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. அவன் முகத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இடுப்பு எழுபத்து நான்கு, தொடை அறுபத்திரண்டுக்கு இவ்வளவு சின்னப் பையன் முகம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"உஸ்தா மேல தப்பில்ல தம்பி" என்று நின்றபடியே சொன்னாள். "அந்தப் பக்கத்துல எழுதறது நான். உன் அளவை வெளிய விட்டது நான். மன்னிச்சுக்கோ."

மிஸ்பாஹ் ஷௌகியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ரீஹாமின் அம்மா என்றுதான் ஊரில் அவளுக்குப் பெயர். "உம்மு ரீஹாம், நீங்களா? நீங்க என்னைப் பாத்ததேயில்லையே!"

"பாக்கல. கேட்டிருக்கேன்."

அவன் வெடித்த உதட்டை நாக்கால் தடவினான். இன்ஸாஃபின் கண் அங்கேயே நின்றது. "எப்பலேருந்து தண்ணி குடிக்கல?"

"திங்கக்கெழம ராத்திரிலேருந்து. கேப்டன் வஹ்தானே போன் பண்ணாரு. நம்பர் வெளிய போயிடுச்சு, தர்வீஷ் ஆளுங்க உஷாராயிட்டாங்க, இன்னும் வத்தணும், தண்ணியை இப்பவே நிறுத்துன்னாரு."

"வியாழக்கெழம காலைலதானே நீ நிறுத்தறது வழக்கம்?"

"ஆமா."

"ரெண்டு வருஷம் முன்னாடி தன்தாவுல புதன்கெழமையே நிறுத்தின. நாலாவது வந்த." அவள் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். "நீ தண்ணியை நிறுத்தினப்பறம் அந்த ஜட்டியைக் கால்வட்டம் சுருக்கித் தரச் சொல்லி அனுப்பின. நான்தான் சுருக்கினேன். ரெண்டு விரல் தளந்திருந்துச்சு. தண்ணி போனா மொதல்ல தொடைதான் காலியாகும். குடி தம்பி. இன்னிக்கு முழுக்கக் குடி."

மிஸ்பாஹ் நோட்டைப் பார்த்தான். அவன் யோசிப்பது தெரிந்தது. அவனுடைய கெய்ரோ, அவனுடைய ஆறு மாதம், இரண்டு பேர் வாய்க்கு நடுவில் தொங்கியது. ஒருத்தர் பத்துக் கோப்பைக்காரர். இன்னொருத்தி ஏற்கெனவே ஒரு தடவை அவனைக் காட்டிக்கொடுத்தவள்.

"கோவிச்சுக்காதீங்க. கேப்டன் மேடையில நின்னவரு. நீங்க?"

"நான் உனக்கு ஆறு ஜட்டி தச்சவ" என்றாள் இன்ஸாஃப். "என்னை நம்பவேணாம். இது சனிக்கெழம அளவுக்குத் தச்சது, நூல் பிசகாது. உள்ள போய்ப் போட்டுப் பாரு. கால்வட்டம் கவ்விப் பிடிச்சா கேப்டன் சொல்றதைச் செய்யி. விரல் போனா நான் சொல்றதைச் செய்யி."

மிஸ்பாஹ் ஷௌகியை அழைத்துக்கொண்டு கிடங்குக்குள் போனான். கதவு சாத்தியது. இன்ஸாஃப் வெளியே மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றாள். இங்கேயும் அவளுக்கு ஒரு மறைப்பு வாய்த்துவிட்டது. தான் சொன்னது பொய்யாகப் போகட்டும், பையன் உடம்பு அப்படியே இருக்கட்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள்.

"இடது கால்!" பழக்க தோஷம், ஷௌகி உள்ளேயிருந்து கூவினார். "ஒண்ணரை விரல்! வலது காலும் ஒண்ணரை!"

சாக்கட்டி எதுவும் தட்டவில்லை.

மிஸ்பாஹ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஐஸ் உருகி நிறைந்திருந்த குடத்தைத் தூக்கி அப்படியே வாயில் வைத்தான். பாதிக் குடம் குடித்தபின், "போதுமா?" என்று கேட்டான்.

"மெதுவாக் குடி. ஒரே மூச்சுலே குடிச்சா வயிறு ஊதிக்கும். அப்பறம் அதுக்கும் என்னைத்தான் வைவே" என்றாள் இன்ஸாஃப். அந்த வாரத்தில் அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை ஷௌகி அரங்கத்துக்குப் போனார். இன்ஸாஃப் வரவில்லை. முடிவு சொல்லும் நேரத்தில் அவர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்; அவள் வீட்டில் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். மூன்றாவது பெயர் வேறு யாரோ. இரண்டாவது மிஸ்பாஹ். முதலாவது தர்வீஷ். வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

மிஸ்பாஹ் கெய்ரோ போவான். அந்த நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. ஒன்றரை நாள் வற்றிப்போன தொடை ஒரே நாளில் முழுசாக நிறையாது. அந்த ஒரு புள்ளி அவள் எழுதிய ஒரு வரியில் போனது. எழுதாமல் இருந்திருந்தால் பட்டியல் பலித்திருக்கும். தான் சரி என்று காட்டப் போய்த் தானே அதைத் தப்பாக்கினாள். இதை அவள் தனக்குள் மழுப்பிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே தராசில் கடைசியாக எழுதினாள். 'முதல் பெயர் தப்பு. ஒப்புக்கொண்டபடி பக்கத்தை மூடுகிறேன். ஒருவர் அளவை வெளியே சொன்னது என் குற்றம். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.'

கொண்டாட்டம் சொல்லி மாளாது. கேப்டன் நேரலையில் வந்து பெருந்தன்மையாகச் சிரித்தார். மிஸ்பாஹை நாலாவது என்று தான் சொன்னதை அவரும் மறந்துவிட்டார், அவர் ரசிகர்களும் மறந்துவிட்டார்கள். 'தக்காளிக் கடைக்கு இழுத்து மூடு விழா' என்று ஒருத்தன் எழுதினான். அத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் மாற்றி எழுதியிருந்தார், தன் சொந்தப் பெயரில்: 'தராசைப் பற்றி இனி யாரும் தவறாகப் பேசவேண்டாம். தொட்டு அளந்த எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.' அதற்குக் கீழே பதில்கள்: 'உஸ்தா, என்ன திடீர்னு கட்சி மாறிட்டீங்க?' 'உஸ்தா, நீங்க ஜட்டியைப் பாருங்க.'

ஷௌகிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "சொல்லிடட்டுமா, யாருன்னு? ஒரே வார்த்தை. எல்லாப் பயலும் வாயடைச்சுப் போவான்."

"வாயடைக்கமாட்டான். நம்பர் திருடின பொம்பளைம்பான். கடைக்கு ஒருத்தன் வரமாட்டான். அதுவும் பாதி நெசம்தானே? விடுங்க."

அவர் விட்டுவிட்டார். நாலைந்து நாள் போனைத் தொடவே இல்லை.

கடை வழக்கம்போல நடந்தது. அடுத்து கெய்ரோவில் தேசியப் போட்டி. பயில்வான்கள் மூன்றாவது அளவுக்கு வந்துபோனார்கள். மிஸ்பாஹும் ஒருநாள் ஊருக்கு வந்தவன் கடையில் ஏறி, கூட்டம் இருக்கும்போதே திரையைப் பார்த்து, "உம்மு ரீஹாம், தொடை நிக்குதா?" என்று கேட்டான். காத்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "நிக்குது, நிக்குது" என்றது திரை.

போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை இன்ஸாஃப் அடுப்படிக்குள் நுழைந்தபோது ஷௌகி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் நீர் வழிந்தது. தோலோடு பாதி வெங்காயமும் குப்பைக்குப் போயிருந்தது.

"யாரு உங்களை இதைச் செய்யச் சொன்னது?"

"சும்மாதான்." மூக்கை உறிஞ்சினார். "கெய்ரோவுக்குப் பட்டியல் வெச்சிருப்பியே."

"பக்கம்தான் மூடியாச்சே."

"எனக்கு மட்டும் சொல்லு."

இன்ஸாஃப் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அவசரப்படாமல் சொன்னாள். முதலாவது ஒரு போர்ட் சயீத்காரன், இரண்டாவது மிஸ்பாஹ், மூன்றாவது தர்வீஷ்.

"தர்வீஷ் மூணாவதா?" ஷௌகி கத்தியைக் கீழே போட்டார். "போன மாசம் கோப்பை தூக்கினவன்! அடி போ, உனக்கு என்ன..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏன் மூணாவது?" என்று கேட்டார்.

மூன்று வருஷத்தில் நாற்பதாயிரம் பேர் அவளை யார் நீ, யார் நீ என்று கேட்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இன்ஸாஃப் அடுப்பைத் தணித்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.